பார்சாவும் ஸ்பெயினும்: முன்னிலை எடுத்த பிறகு ஏன் இந்தத் தவிப்பு?

கேள்வி இது: "பார்சிலோனா, ஸ்பெயின் இரண்டையும் விடாமல் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். இரண்டிலும் நான்கைந்து பேர் ஒரே ஆட்கள்தான். கோல் அடிப்பதில் குறையே இல்லை. ஆனால் முன்னிலை எடுத்த பிறகு ஏன் இப்படித் தடுமாறுகிறார்கள்? எல்லாப் பழியும் ஃபிளிக்கின் ஹை லைன் மேல்தானா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹை லைன், அதாவது பார்சா பயிற்சியாளர் ஃபிளிக் டிஃபென்ஸ் வரிசையை நடுக்கோடுவரை மேலேற்றி நிறுத்தி எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைப்பது, பாதிக் காரணம்கூட இல்லை. இரண்டு அணிகளும் கோல் வாங்காமல் இருப்பதற்கு நம்பியிருப்பது டிஃபென்ஸை அல்ல, பந்தைத் தங்கள் காலில் வைத்திருப்பதையும் பறிகொடுத்த பந்தை முன்வரிசை உடனே துரத்துவதையும்தான். அது நடக்கும்வரை கோட்டையைத் தொடக்கூட முடியாது. கால் ஓய்ந்ததும், அல்லது குறிப்பிட்ட இரண்டு மூன்று பேர் களத்தில் இல்லாதபோதும், பின்னால் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 2024 யூரோ முதல் 2025 நவம்பர் வரையிலான ஆட்டங்களை வைத்து இதைச் சொல்கிறேன். நான் பார்சா ரசிகன், கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹை லைன் நன்றாக வேலை செய்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க 2024 அக்டோபர் 26 அன்று ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேயுவில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். லா லிகாவில் ரியல் மாட்ரிட் 42 ஆட்டங்களாகத் தோற்கவில்லை. பார்சாவின் 43 ஆட்டச் சாதனையைத் தொட இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்று முடிவு 0-4. மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடு, அதில் எம்பாப்பே மட்டும் 8 முறை. அவர் வலைக்குள் போட்டவையும் ஆஃப்சைடு என்று ரத்தாயின. டிஃபென்ஸ் வரிசை நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது, கீப்பருக்கு முன்னால் ஐம்பது மீட்டர் பொட்டல். உலகத்திலேயே வேகமான ஃபார்வர்டுகளில் ஒருவர் எதிரே. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாதவர்கள் அன்று குறைவு.

ஆனால் அந்த வரிசையைக் காப்பாற்றியது சென்டர்பேக்குகள் இனீகோ மார்டினெஸும் குபார்சியும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னே வைத்தது மட்டுமல்ல. பந்தை எம்பாப்பேக்குத் தள்ள வேண்டிய மாட்ரிட் ஆளுக்குத் தலை நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியம். பாஸ் கொடுப்பவர் அவசரத்தில் அடித்தால் ஓடுபவர் வரிசையை முன்கூட்டியே தாண்டி ஆஃப்சைடில் சிக்கிவிடுவார். நிதானமாகக் குறிபார்த்து அடித்தால் ஓடுபவரும் காத்திருந்து ஓடலாம், எவ்வளவு நல்ல வரிசையும் அப்போது செத்தது. அன்று இடைவேளையில் ஃபெர்மினை எடுத்துவிட்டு ஃபிராங்கி டி யோங்கை இறக்கினார் ஃபிளிக். நடுக்களம் கைக்கு வந்தது. காசாடோ கொடுத்த பாஸில் லெவாண்டோவ்ஸ்கி, இரண்டே நிமிடத்தில் பால்டேயின் கிராஸில் மறுபடியும் அவரே. அப்புறம் யமால், ரஃபீன்யா. அதே சீசனில்தான் லா லிகாவில் பாதி தானியங்கி ஆஃப்சைடு தொழில்நுட்பமும் வந்தது. கால் விரல் நுனியைக்கூட அளக்கும் கருவி இருக்கும்போது, லைன்ஸ்மேனின் கண்ணை நம்பியிருந்த காலத்தைவிட இப்படி ஆடுவது கொஞ்சம் துணிச்சல் தரும்தானே.

ஃபிளிக் இதைப் பார்சாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பார்சாவை 8-2 என்று துவைத்த பாயர்னுக்கு அவர்தான் பயிற்சியாளர், அப்போதும் இதே வரிசைதான். அந்த இரவை மறக்காத எங்களுக்கு அவரையே பயிற்சியாளராகப் பார்ப்பது முதல் மாதம் விசித்திரமாகத்தான் இருந்தது. மாட்ரிட் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அதே பாயர்னை 4-1 என்று வென்று, ரஃபீன்யா ஹாட்ரிக் அடித்தபோது அந்தக் கணக்கும் ஓரளவு தீர்ந்தது.

அந்தச் சீசனில் கோல் வாங்கியதற்கும் பஞ்சமில்லை. லாஸ் பால்மாஸ், லெகானெஸ், அத்லெடிகோ என்று வரிசையாகச் சொந்த மண்ணிலேயே மூன்று லீக் தோல்விகள், 2024 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 21க்குள். ஜனவரியில் லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக 4-2 பின்தங்கி, கடைசியில் ரஃபீன்யாவின் 96வது நிமிட கோலில் 5-4. பிப்ரவரியில் கோபா டெல் ரே அரையிறுதி முதல் ஆட்டத்தில் அத்லெடிகோவுடன் ஆறு நிமிடத்தில் 0-2, பிறகு 4-2 முன்னிலை, கடைசியில் 4-4. கூட்டிப் பார்த்தால் லீக்கில் 102 கோல், 88 புள்ளி, 28வது பட்டம். கோபாவும் சூப்பர் கோப்பையும் வந்தன. அந்தச் சீசனின் நான்கு கிளாசிகோக்களும், அதாவது ரியல் மாட்ரிட்டுடனான மோதல்களும் (4-0, 5-2, 3-2, 4-3), பார்சாவுக்கே. நான்கிலும் சேர்த்து 16 அடித்து 7 வாங்கினார்கள். இதுதான் ஃபிளிக்கின் பேரம்: நீ இரண்டு போடு, நான் நான்கு போடுகிறேன்.

இந்தப் பேரம் படியாமல் போன இடம் இன்டர் மிலானுடனான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. "ஹை லைனால் தோற்றார்கள்" என்று எல்லோரும் காட்டுவதும் அதைத்தான். சரி, இன்டர் அடித்த ஏழு கோல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏப்ரல் 30, பார்சா அப்போது ஆடிய மோன்ஜூயிக் மைதானம். முதல் கோல் முப்பதாவது நொடியில்: டும்ஃபிரீஸ் வலப்பக்கம் இருந்து அனுப்பிய பந்தைத் துராம் குதிகாலால் தட்டிவிட்டார். இரண்டாவது கார்னரில் வந்தது, டும்ஃபிரீஸ் அந்தரத்தில் பாய்ந்து அடித்தது. மூன்றாவதும் கார்னர்தான், அதே டும்ஃபிரீஸ், தலையால். அன்று ஹை லைனைத் தாண்டி இன்டர் போட்ட ஒரே பந்து மிகிதாரியனின் கோல். அது விரலளவு ஆஃப்சைடு என்று ரத்தானது. கவனித்தீர்களா, அந்த இரவில் வரிசை பார்சாவைக் காப்பாற்றியதே தவிரக் கைவிடவில்லை. கைவிட்டது உயரம். கார்னரில் டும்ஃபிரீஸைப் பிடிக்க ஆள் இல்லை. அந்த ஆட்டத்தில்தான் யமால், பார்சாவுக்கான தன் நூறாவது ஆட்டத்தில், இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது வலப்பக்கத்திலிருந்து தனியாக உள்ளே வெட்டி வந்து போஸ்டில் பட்டு விழ ஒன்று போட்டார். பதினேழு வயதுப் பையனை நிறுத்த இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஆனால் 42வது நிமிடத்தில் கூண்டே காயத்தோடு வெளியேறினார். என் கணக்கில் அரையிறுதி அங்கேதான் சாய்ந்தது.

மே 6, இன்டரின் மைதானம் சான் சீரோ. கூண்டேயும் இல்லை, பால்டேயும் இல்லை, ஆக இரண்டு ஃபுல்பேக்குகளுமே மாற்று ஆட்கள். நான்காவது கோல்: ஓல்மோ பந்தை டிமார்கோவிடம் பறிகொடுத்தார், பந்து டும்ஃபிரீஸுக்குப் போனது, அவர் குறுக்கே தள்ள லௌதாரோ போட்டார். இதில் வேண்டுமானால் வரிசையைக் குறை சொல்லலாம், ஆனால் முதல் தவறு நடுக்களத்தில் நடந்தது. ஐந்தாவது, குபார்சி லௌதாரோவை வீழ்த்தியதால் வந்த பெனால்டி. 2-0 ஆனபிறகு பார்சா எழுந்த விதம் இருக்கிறதே, மாற்று ஃபுல்பேக் ஜெரார்டு மார்ட்டின் கொடுத்த இரண்டு கிராஸில் எரிக் கார்சியா, ஓல்மோ என ஆறு நிமிடத்தில் சமன். 87வது நிமிடத்தில் ரஃபீன்யா. 3-2, மொத்தக் கணக்கில் 6-5. இங்கே மணி இரவு இரண்டைத் தாண்டியிருந்தது, தெருவே தூங்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு கத்துவது எப்படி என்று பார்சா ரசிகர்களுக்குத் தெரியும்.

கேள்வியின் முழு பதிலும் அடுத்த ஆறு நிமிடத்தில் இருக்கிறது. இஞ்சுரி டைமில் யமாலின் காலில் பந்து. கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நின்று நேரத்தைக் கரைத்திருக்கலாம். அவர் கோலை நோக்கி அடித்தார், போஸ்டில் பட்டது. அங்கிருந்து பந்து மறுபக்கம் போய், டும்ஃபிரீஸின் கிராஸை 37 வயது சென்டர்பேக் அசெர்பி ஃபார்வர்டு மாதிரி வந்து உள்ளே தள்ளினார், 93வது நிமிடம். அரௌஹோ பக்கத்தில்தான் இருந்தார். எக்ஸ்ட்ரா டைமில் 99வது நிமிடம், துராம் அதே அரௌஹோவைப் பக்கக்கோட்டருகே உருட்டித் தள்ளிவிட்டு வர, தாரேமி விட்டுக்கொடுக்க, ஃபிராத்தேசி. 4-3. மொத்தம் 7-6.

ஆக ஏழில் இரண்டு கார்னர், ஒரு பெனால்டி, ஒரு பந்திழப்பு, ஒரு தனிமனித மோதலில் தோல்வி, இரண்டு பக்கவாட்டுக் கிராஸ். ஆஃப்சைடு பொறி பிசகியதால் மட்டுமே வந்த கோல் என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. யமாலின் அந்த ஷாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அடித்துக்கொண்டே இரு என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி மூன்று நிமிடம் மட்டும் வேறு ஆட்டம் ஆடு என்றால் எப்படி ஆடுவார்? முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தைச் சாகடிப்பது தனி வித்தை. இன்டருக்கு அது தெரியும், பார்சாவுக்கு அது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

இதற்குப் பத்து நாள் முன்பு செவியாவில் நடந்த கோபா இறுதியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இதே கதையின் மறுபக்கம். பெத்ரியின் கோலில் முன்னிலை, பிறகு எம்பாப்பேயும் சுவமேனியும் ஏழு நிமிட இடைவெளியில் போட்டு மாட்ரிட் 2-1. ஃபெரான் டோரஸ் 84வது நிமிடத்தில் சமன் செய்தார். 116வது நிமிடத்தில் மாட்ரிட் பின்னாலிருந்து நிதானமாகப் பந்தை நகர்த்தப் பார்த்தபோது கூண்டே பாய்ந்து வெட்டி, பெட்டிக்கு வெளியிலிருந்தே தரையோடு தரையாக அடித்தார். எக்ஸ்ட்ரா டைம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு ரைட்பேக் எதிராளியின் பாதியில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஃபிளிக்கின் ஆட்டத்தில் அவர் இருக்க வேண்டிய இடமே அதுதான். அந்தக் கோலைக் கொண்டாடுகிறவர்கள் அசெர்பியின் கோலுக்கு முறையிடக்கூடாது, இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு.

இனி ஸ்பெயின்.

ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் டெ லா ஃபுவெந்தேயிடம் ஃபிளிக்குக்கு இருக்கிற மாதிரி தினசரிப் பயிற்சி இல்லை. வருடத்தில் சில வாரங்கள்தான் ஆட்கள் கையில் கிடைப்பார்கள். நான்கு பேர் ஒரே நொடியில் ஓரடி முன்னே வைக்கும் பழக்கத்தை அதற்குள் ஊட்ட முடியாது. அதனால் ஸ்பெயினின் வரிசை பார்சாவைவிடச் சில மீட்டர் கீழே நிற்கும். ஆனால் அவரிடம் வேறொன்று இருக்கிறது: இந்த ஆட்களைப் பையன்களாக இருக்கும்போதே அவருக்குத் தெரியும். 2015ல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோ வென்றபோது ரோட்ரி, மெரினோ, உனாய் சிமோன். 2019ல் 21 வயதுக்குட்பட்டோர் பட்டத்தில் ஃபாபியான், ஓல்மோ, ஓயர்சபால். டோக்கியோ ஒலிம்பிக் வெள்ளியில் பெத்ரி, குகுரேயா, சுபிமெண்டி. 2022 உலகக் கோப்பைக்குப் பிறகு அவர் நியமிக்கப்பட்டபோது "யார் இவர்?" என்று கேட்டவர்களில் பலர் இந்த வரலாற்றைப் பார்க்கவில்லை.

யூரோ 2024ல் ஏழுக்கு ஏழு வெற்றி, 15 கோல், நான்காவது பட்டம். அதை இப்போது நினைத்தால் விங்கர்கள் நிக்கோ வில்லியம்ஸும் யமாலும் இரு பக்கமும் பறந்ததுதான் ஞாபகம் வரும். ஆனால் ஆட்டங்களைத் திரும்பப் பாருங்கள். காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ஓல்மோவின் கோலில் முன்னிலை, 89வது நிமிடத்தில் விர்ட்ஸ் சமன், 119ல் மெரினோவின் தலை. அதுவும் குகுரேயாவின் கையில் பந்து பட்டதற்குப் பெனால்டி கொடுக்காமல் விட்டதால் தப்பித்தது, ஜெர்மானியர்கள் அதை இன்னும் ஆறவிடவில்லை, எனக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. இறுதியில் நிக்கோவின் கோலில் முன்னிலை, பால்மர் சமன், 86ல் ஓயர்சபால். அதாவது கோப்பை வென்ற அணிக்கும் முன்னிலையைப் பூட்டிவைக்கத் தெரியவில்லை. தெரிந்தது இன்னொன்று: சமன் ஆனாலும் பதறாமல் மறுபடி முன்னே போவது.

அந்தப் பதறாமைக்குப் பெயர் ரோட்ரி. பெர்லின் இறுதியில் பாதி நேரத்தில் அவர் காயத்தோடு உட்கார, சுபிமெண்டி வந்து சமாளித்தது ஆறுதல். ஆனால் அந்த செப்டம்பரில் ரோட்ரிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, அக்டோபரில் கார்வஹாலுக்கும் அதே கதி. ஒன்று நடுக்களத்தின் மூளை, மற்றொன்று ரைட்பேக்கின் அனுபவம். 2025ன் ஸ்பெயின் இந்த இரண்டு ஓட்டைகளோடுதான் ஆடியது.

மார்ச்சில் நெதர்லாந்துடன் நேஷன்ஸ் லீக் காலிறுதி 2-2, 3-3. வலென்சியாவில் மூன்று முறை முன்னிலை, மூன்று முறையும் பறிபோனது. பெனால்டியில் யமால் தவறவிட, பெத்ரி முடித்துவைத்தார். ஜூன் 5, ஸ்டுட்கார்ட், பிரான்ஸுடன் அரையிறுதி. என் பார்வையில் இந்த ஒன்றரை வருடத்தில் ஸ்பெயின் ஆடிய மிக அழகான ஒரு மணி நேரம் அதுதான். நிக்கோ, மெரினோ, இடைவேளைக்குப் பின் யமாலின் பெனால்டி, அடுத்த நிமிடமே பெத்ரி. எம்பாப்பே ஒரு பெனால்டி போட, 67வது நிமிடத்தில் யமால் மறுபடி. 5-1. அதற்குப் பிறகு சப்ஸ்டிடியூட்டுகள் வர ஆரம்பித்தார்கள், டிஃபென்ஸிலும் ஆள் மாறியது. முதல் சர்வதேச ஆட்டம் ஆடிய செர்கி பந்து தரையில் படும் முன்பே அடித்து ஒன்று போட்டார், விவியன் தன் வலைக்குள்ளேயே ஒன்று தள்ளினார், கோலோ முவானி இஞ்சுரி டைமில் இன்னொன்று. 5-4. இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இங்கே ஹை லைன் எங்கே வந்தது? ஃபிளிக் அந்தப் பக்கமே இல்லையே!

பெத்ரி இருக்கும்போது பந்து ஸ்பெயினிடம் இருக்கும். பந்து ஸ்பெயினிடம் இருந்தால் ஹைசனும் லெ நோர்மாண்டும் தடுக்க வேண்டியதே இல்லை. பெத்ரி களைத்தால் அதே இருவரும் சாதாரண டிஃபெண்டர்களாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். மூன்று நாள் கழித்து மியூனிக் இறுதியில் போர்ச்சுகல் இதைத்தான் பிடித்தது. சுபிமெண்டி, ஓயர்சபால் என்று இரண்டு முறை முன்னிலை. முதல் முறை நுனோ மென்டெஸ் சமன் செய்தார், இரண்டாவது முறை அவர் அனுப்பிய பந்து திசைமாறி எழும்பியபோது நாற்பது வயது ரொனால்டோ அதை வலைக்குள் இட்டார். யமாலை எப்படி அடக்குவது என்று ஐரோப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது மென்டெஸ் கொடுத்த பதில் எளிமையானது: அவரைப் பின்னால் ஓடவிடு. வலப்பக்கம் மிங்கேசா தனியாகத் திண்டாடினார். பெனால்டி அடிக்கும் நேரத்தில் யமாலும் பெத்ரியும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மொராத்தா அடித்ததை டியோகோ கோஸ்தா தடுத்தார், 5-3. மொராத்தாவைத் திட்டித் தீர்த்தவர்களோடு நான் சேரவில்லை. பெனால்டிவரை விட்டதுதான் தப்பு.

ஒரே ஆள் இரண்டு சட்டையில் எப்படி வேறுபடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பார்சாவில் இடப்பக்கம் ரஃபீன்யா. அவர் ஓரத்தில் நிற்க மாட்டார், உள்ளே வெட்டி ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஓடுவார், பந்து போனால் முதல் ஆளாகத் துரத்துவார். அதனால் ஆட்டத்தை அகலமாக்கும் வேலை பெரும்பாலும் யமால் தலையில் விழுகிறது. அவருக்கு வெளிப்பக்கம் ஓடிக்கொடுப்பவர் கூண்டே. ஸ்பெயினில் மறுபக்கம் நிக்கோ கோட்டை ஒட்டியே நிற்பதால் எதிரணி இரண்டு பக்கமும் கிழிபடுகிறது, யமாலுக்கு எதிரே பல நேரம் ஒருவர்தான். யூரோ அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக அவர் தூரத்திலிருந்து வளைத்துப் போட்ட கோலில் ராபியோ தனியாக அவரை எதிர்கொண்டு நின்றதை நினைத்துப் பாருங்கள். பெத்ரி விஷயம் நேர்மாறு. கிளப்பில் டி யோங்கோடு கீழிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிறார், நாட்டுக்காக சுபிமெண்டிக்கு மேலே, கோலுக்குப் பக்கத்தில் ஆடுகிறார். கொன்யாவில் துருக்கியை 6-0 என்று அடித்தபோது பெத்ரி இரண்டு போட்டது அதனால்தான். எனக்கு இரண்டு பெத்ரிகளில் எது பிடிக்கும் என்றால், கீழே ஆடுகிறவர். ஆட்டம் முழுக்க அவர் வழியாகப் போகும்.

2025 இலையுதிர் காலத்தில்தான் ஹை லைன் விமர்சகர்களுக்கு உண்மையான தீனி கிடைத்தது. ஆகஸ்டில் இனீகோ மார்டினெஸ் அல் நஸருக்குப் போய்விட்டார். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று வரிசைக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்த வாய் அது. செப்டம்பர் கடைசியில் ரஃபீன்யாவுக்குத் தொடையில் காயம். முன்னால் துரத்துகிறவரும் இல்லை, பின்னால் கட்டளையிடுகிறவரும் இல்லை. ஆனால் வரிசை மட்டும் அதே இடத்தில். பிஎஸ்ஜியிடம் 90வது நிமிட கோலில் 1-2, நான்கு நாள் கழித்து செவியாவிடம் 1-4, அக்டோபர் 26 கிளாசிகோவில் 1-2. பெர்னபேயுவில் கீப்பர் செஸ்னி எம்பாப்பேயின் பெனால்டியைத் தடுத்தது போன்ற சில காரியங்களால்தான் அது கௌரவமான தோல்வியானது. புரூஜில் 3-3, அங்கே கார்லோஸ் ஃபோர்ப்ஸ் வரிசைக்குப் பின்னால் ஓடி இரண்டு போட்டார். அந்த ஓட்டங்களைத் திரும்பப் பார்த்தால், பந்தைக் கொடுத்த ஆளின் மேல் யாருமே போகவில்லை. நவம்பர் 25 லண்டனில் செல்ஸியிடம் 0-3, அரௌஹோ இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை. பத்துப் பேரோடும் வரிசை மேலேதான் நின்றது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, அது ஃபிளிக்கின் பிடிவாதம்.

அதே மாதங்களில் ஸ்பெயின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து கோலே வாங்கவில்லை. எதிரணிகள் பல்கேரியா, ஜார்ஜியா, துருக்கி என்பதால் இதை ரொம்பவும் பெரிதாக்க வேண்டாம். ஆறாவது ஆட்டத்தில் செவியாவில் துருக்கி இரண்டு போட்டு 2-2 ஆக்கியது. ஆனாலும் ஒன்று தெரிந்தது. தகுதிக்கு அவசியமில்லாத நிமிடங்களில்கூட ஸ்பெயின் பந்தை வைத்து ஆட்டத்தைத் தூங்கவைக்கப் பழகி வருகிறது. பார்சாவில் அந்தத் தூக்கம் அனுமதிக்கப்படுவதில்லை.

இடையில் யமாலை வைத்து ஒரு குடும்பச் சண்டையும் நடந்தது. செப்டம்பரில் அவர் வலியோடு, வலி மாத்திரையோடு நாட்டுக்காக ஆடினார், ஸ்பெயின் ஆட்களைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று ஃபிளிக் வெளிப்படையாகவே சொன்னார். நவம்பரில் கிளப் தரப்பில் அவருக்கு இடுப்படி வலிக்கு ரேடியோ அலைவரிசைச் சிகிச்சை செய்யப்பட்ட செய்தி தங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது என்று ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு கோபித்துக்கொண்டு அவரை முகாமிலிருந்து விடுவித்தது. கிளப், நாடு இரண்டுக்கும் பதினெட்டு வயதில் நூற்றுக்கு மேல் ஆட்டம் ஆடிவிட்ட ஒரு கால்தான் சொத்து. பார்சா ரசிகனாக நான் ஃபிளிக் பக்கம்தான், ஆனால் பென்ஃபிகாவிலிருந்து இன்டர்வரை அந்தக் காலை ஓய்வில்லாமல் ஓடவிட்டது ஃபிளிக்கும்தான். பெத்ரிக்கு 2021ல் என்ன நடந்தது? ஒரே கோடையில் யூரோவும் ஒலிம்பிக்கும் ஆடிவிட்டு, அதன் பிறகு அடுத்தடுத்த சீசன்களில் தொடைக் காயங்களோடு போராடினார். அதை மறக்கக்கூடாது.

2026 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் குழுவில் கேப் வெர்டே, சவூதி அரேபியா, உருகுவே. முதல் இரண்டிலும் பந்து முழுக்க ஸ்பெயினிடமே இருக்கும், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பயிற்சியாளர் பியெல்சாவின் உருகுவேதான் பார்க்க வேண்டிய ஆட்டம். அவர் அணிகள் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு களம் முழுக்கத் துரத்தும். பெத்ரியின் முதுகில் ஒருவர் தொண்ணூறு நிமிடமும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். அதில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது 70வது நிமிடத்தில் டெ லா ஃபுவெந்தே யாரை வெளியே எடுக்கிறார், ரோட்ரி அப்போது களத்தில் இருக்கிறாரா, ரைட்பேக்கில் யார் என்ற மூன்றையும் கவனியுங்கள். சென்டர்பேக்குகள் எத்தனை மீட்டர் மேலே நிற்கிறார்கள் என்பதை நான் நான்காவதாகத்தான் பார்ப்பேன்.